ஐம்பத்தைந்து கிலோ எண்ணூறு

அன்று எங்கள் கேன்சர் ஆஸ்பத்திரியில் எடை மெஷின் பக்கம் இருந்தவர்கள் ஆறு பேர். டாக்டர் அம்மா. ஊசி ஏற்றும் சிஸ்டர். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே மருந்து கலக்கும் ரமேஷ். பழைய பேப்பர் வாங்கி விற்கும் சவரிநாதன் அண்ணன். அவர் மனைவி பிலோமினா அக்கா. ஆறாவது ஆள் நான். ஊசி ஏறிக்கொண்டு படுத்திருந்தவர்கள் பக்கத்து ஹாலில் இருந்தார்கள், அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. பிறகு கேண்டீனில் இந்தக் கதையைச் சொன்னவர்களில் பாதிப் பேர் தாங்களும் கூட நின்று பார்த்த மாதிரியே சொன்னார்கள். நின்றவர்கள் ஆறு பேர்தான்.

ஆள் கணக்கை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. நடந்ததில் பெரிய தப்பு என்னுடையது. அதைக் கூட்டத்தில் கரைத்துவிட எனக்கு விருப்பமில்லை.

புதிதாக அட்டெண்டர் வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்று சிஸ்டர் கேட்டார். நான் எட்டாவதோடு நின்றவள். எழுத்துப்பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். மெஷினை எப்படிப் போடுவது, சீட்டு எங்கே வைப்பது என்பதெல்லாம் இரண்டு நாளில் உங்களுக்கே வந்துவிடும். அதை எழுதப்போவதில்லை.

என்னைப் பற்றி ஒன்று தெரிந்தால்தான் இது புரியும். நான் பயந்த சுபாவம். சாரம் ஏரியாவில் இருக்கும் என் வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் ஸ்டாப் வரை வந்தபின், கேஸை மூடினேனா என்று திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறவள். தினமும் காலையில் முதல் ஆள் வருவதற்கு முன், ஐந்து கிலோ அரிசிப் பையை எடை மெஷினில் வைத்துச் சரிபார்ப்பேன். யாரும் செய்யச் சொன்னதில்லை. அந்தப் பை இங்கே என் பீரோவில் மூன்று வருஷம் இருந்து வண்டு வைத்ததும், அதில் மணல் நிரப்பி வைத்துக்கொண்டேன்.

பயத்தால் ஒருமுறை மானம் போனதும் உண்டு. ஒரு நாள் ஹாலுக்குப் பின்னால் உஸ்ஸென்று சத்தம். ஆக்சிஜன் கசிகிறது என்று நான் போட்ட கூச்சலில், கையில் ஊசியோடு இருந்த பதினோரு பேரை வராந்தாவுக்கு நகர்த்தினார்கள். கடைசியில் பார்த்தால் சுவருக்கு அந்தப் பக்கம் கேண்டீனில் இட்லிப் பானை. அதிலிருந்து நான் எதைச் சொல்ல வாயைத் திறந்தாலும் ரமேஷ், “இன்னா அக்கா, இட்லியா?” என்பான். நானும் சிரித்துக்கொள்வேன். ஆனால் அதற்குப் பிறகு மனதில் ஒன்று உறுத்தினால், பத்து முறை யோசித்து, இது நம்ம வழக்கமான பயம்தான் என்று அமுக்கிவிடப் பழகிக்கொண்டேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி சவரிநாதன் அண்ணன்.

அவர் முதல் நாள் வந்தபோதே எனக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. எங்கள் தெருவுக்கு மாதம் ஒருமுறை மூன்று சக்கர வண்டியில் பழைய பேப்பர் வாங்க வருகிறவர். கொக்கித் தராசு. கட்டைத் தூக்கிப் பிடிப்பார், முள் நிற்பதற்குள் எடையைச் சொல்லிவிடுவார், கட்டு வண்டிக்குப் போய்விடும். நம் வீட்டில் ஆறு கிலோ இருக்கும் என்று நினைத்தால் அவர் கணக்கில் ஐந்தரைதான் வரும். நான்தான் வண்டு வைத்த அரிசிப் பைக்காரி ஆயிற்றே, வீட்டிலேயே மளிகைக்கடைத் தராசில் போட்டுப் பார்த்திருக்கிறேன். கேட்கத்தான் தைரியம் வந்ததில்லை.

அவருக்கு நுரையீரலில் கேன்சர். வாரம் ஒரு ஊசியாக ஆறு ஊசி, கூடவே மார்புக்கு தினமும் கரண்ட், அதாவது ரேடியேஷன், வைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். நெடுநெடுவென்று இருந்தார். தோளில் துண்டு. பயத்தை மறைக்க வாய் ஓயாமல் பேசுகிற ஆள்.

“ஏறி நில்லுங்கண்ணே. மேசையைப் புடிச்சிக்கிட்டு ஏறுங்க, ஏறினதும் கையை எடுத்துடுங்க” என்றேன்.

அந்த மேசையை மெஷினுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டதும் நான்தான். தலைசுற்றி யாராவது விழுந்துவிட்டால் என்ற பயம்.

“இது சரியான தராசாம்மா?”

“உங்க தராசு மாதிரி இல்லண்ணே. இதுல ஏமாத்த முடியாது.”

அவர் என்னை உற்றுப் பார்த்தார். “யம்மா, நீ சாரத்துல, பச்சை கேட்டு வீடுதானே? அப்போ நம்ம மேல உனக்கு சந்தேகம் இருந்திருக்கு!”

பிலோமினா அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். “இவரு பிரெஞ்சு பட்டாளத்துல இருந்த சொல்தா வீட்டுப் புத்தகத்தையே குறைச்சுப் போட்டவரு. பிரெஞ்சு புத்தகம், ஒண்ணொண்ணும் கல்லாட்டம் கனம். அந்த வீட்டு ஐயா, மிஸ்ஸே, எங்கிட்டயே வந்து, உங்க வீட்டுக்காரரு கையில மாயம் இருக்குதும்மான்னு சொன்னாரு.”

அன்றைய எடை ஐம்பத்தாறு கிலோ நானூறு. எல்லோரிடமும் சொல்வதை அவரிடமும் சொன்னேன். இருபது வருஷமாகச் சொல்லி வந்த வாக்கியம் அது.

“நல்லா சாப்பிடணும்ணே. எடை குறைஞ்சிதுன்னா ஊசியை நிறுத்திடுவாங்க, பாத்துக்கோங்க.”

அவர் பேச்சு அந்த ஒரு இடத்தில் மட்டும் நின்றது. அப்போது நான் அதைக் கவனித்தேன் என்று சொன்னால் பொய். இப்போது நினைத்துப் பார்க்கும்போது நின்றதாகத் தெரிகிறது.

இரண்டாவது வாரம் ஐம்பத்தைந்து எண்ணூறு. பரவாயில்லை, கொஞ்சம் குறையத்தான் செய்யும். மூன்றாவது வாரம் ஐம்பத்தைந்து எண்ணூறு. சந்தோஷமாக, சத்தமாகச் சொன்னேன், வரிசையில் இருந்தவர்களுக்கும் கேட்கட்டும் என்று. “பாத்தீங்களா, அண்ணன் இறங்கவே இல்ல!”

நான்காவது வாரம் ஐம்பத்தைந்து எண்ணூறு.

அன்று எனக்கு உறுத்தியது. மனித உடம்பு அரிசி மூட்டை கிடையாது. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தால் இருநூறு கிராம் ஏறும், கழிவறைக்குப் போய் வந்தால் இறங்கும். மெஷினில் ஏறினவுடன் கடைசி எண் ஆடிக்கொண்டே இருக்கும். இவருக்கு மட்டும் மூன்று முறையும் அதே இடத்தில் வந்து, ஆடாமல், உட்கார்ந்தது. முகத்தைப் பார்த்தேன். கன்னம் உள்ளே போயிருந்தது. சட்டைக் காலருக்கும் கழுத்துக்கும் நடுவில் என் இரண்டு விரல் போகும் போலிருந்தது.

மெஷின் கெட்டுவிட்டதோ என்று அவர் போனதும் மணல் பையை வைத்தேன். சரியாக ஐந்து காட்டியது. நான் ஏறினேன். என் எடை. அப்புறம் நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்: மெஷின் சரியாக இருக்கிறது, எண் சரியாக இருக்கிறது, உனக்குத்தான் சரியில்லை செல்வி. இட்லி.

ஒரு வாரம் வாயைத் திறக்கவில்லை. என் பணிக்காலத்தில் வாயை மூடிக்கொண்டதற்காக நான் வருத்தப்படுவது இந்த ஒரு வாரத்துக்குத்தான். இட்லிப் பானைக்குக் கூச்சல் போட்டதற்கு இல்லை.

ஐந்தாவது ஊசி அன்று காலை அவர் வந்தபோது வாய் ஓய்ந்திருந்தது. பேசினால் தொண்டை வலிக்கிறது என்று கையால் சைகை காட்டினார். மேசையைப் பிடித்து ஏறினார். தோளில் இருந்த துண்டு முன்கையில் தொங்கியது. எண் ஓடி வந்து நின்றது. ஐம்பத்தைந்து எண்ணூறு. சீட்டில் எழுதினேன். டாக்டர் அம்மா அன்று ஒரே ஆளாக இருந்தார், ஹால் நிறைய ஆட்கள். சீட்டைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார், சீட்டு கண்ணாடிக் கதவுக்குள் போனது. எடைக்குத் தகுந்துதான் மருந்தின் அளவு. உங்களுக்கும் அது சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

நான் வெளியே பெஞ்சுப் பக்கம் போனேன். பிலோமினா அக்கா தனியாக உட்கார்ந்து முந்தானையில் ஏதோ முடிந்துகொண்டிருந்தார். பார்த்தால் கறுப்புக் கயிற்றுத் துண்டு, சுண்டுவிரல் நீளம்.

“இன்னாக்கா அது?”

“அவரு அரைஞாண் கயிறும்மா. காலையில குளிக்கச் சொல்ல அவுந்து தொடைக்கு வந்துடுச்சு. சுருக்கிக் கட்டிட்டு மிச்சத்தை வெட்டினேன். கண்ட இடத்துல போடக் கூடாது இல்ல, அதான் முடிஞ்சி வெச்சேன்.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார். “இது மூணாவது தடவை வெட்றது.”

“இந்த மாசத்துலயா?”

“மூணு வாரத்துல.”

மூன்று வாரம். மூன்று துண்டு கயிறு. அந்த மூன்று வாரமும் மாறாத ஐம்பத்தைந்து எண்ணூறு.

ஒரு பக்கம் மெஷின், மறுபக்கம் ஒரு சாண் கூட இல்லாத கயிறு. எதை நம்புவது? கயிறுதான் சரி என்றால் உள்ளே தப்பான அளவில் மருந்து தயாராகிக்கொண்டிருக்கிறது. மெஷின்தான் சரி என்றால் நான் இன்னொரு முறை எல்லாரையும் நிறுத்தி வைத்து, கேண்டீனில் இன்னும் ஐந்து வருஷம் சிரிப்பார்கள். அதோடு மருந்தைக் கலந்துவிட்டால் வைத்திருக்க முடியாது, வீண்தான். அது என்ன விலை என்று எனக்குத் தெரியும். என் சம்பளமும் எனக்குத் தெரியும்.

அக்கா என்னைப் பார்த்து, “இன்னாம்மா, மொகம் வெளுத்துப் பூடுச்சு?” என்றார்.

ஓடிப்போய் கண்ணாடிக் கதவைத் தட்டினேன். ரமேஷ் முகக்கவசத்தோடு திரும்பினான்.

“சவரிநாதன் மருந்து கலந்துட்டியா?”

“எடுத்து வெச்சிருக்கேன். இன்னும் கலக்கல. ஏன்?”

“கலக்காதே.”

“யார் சொன்னது?”

“நான்தான் சொல்றேன்.”

அவன் சிரித்தான். “இன்னா அக்கா, மறுபடியும் இட்லியா?”

“இட்லியாவே இருக்கட்டும்டா. பத்து நிமிஷம் குடு. பத்து நிமிஷத்துல ஒண்ணுமில்லன்னா நாளைக்கு எல்லாருக்கும் இட்லி என் காசுல.”

ரமேஷ் என்னைப் பார்த்தான். பிறகு கையுறையைக் கழற்றினான். அந்த ஒரு செயலுக்காக அவன் செய்த அத்தனை கிண்டலையும் நான் மன்னித்துவிட்டேன்.

டாக்டர் அம்மாவிடம் போனேன். அவர் இன்னொருவருடைய ஸ்கேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். “மேடம், சவரிநாதன் எடையைத் திரும்பப் போடணும்.”

“இப்பதானே போட்டீங்க. மெஷின் ரிப்பேரா?”

“மெஷின் சரியாத்தான் இருக்கு மேடம்.”

“அப்புறம்?”

உள்ளங்கையை விரித்தேன். பிலோமினா அக்காவிடம் வாங்கி வந்த கயிற்றுத் துண்டு. “மூணு வாரமா எண் ஒரு கிராம் கூட மாறல. ஆனா கயிறு மூணு தடவை சுருங்கியிருக்கு மேடம்.”

அவர் கயிற்றைப் பார்த்தார், பழைய சீட்டுகளைப் புரட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று. அவர் விரல் மூன்றாவது சீட்டில் நின்றது. “கூட்டிட்டு வாங்க” என்று எழுந்துவிட்டார்.

நானும் சிஸ்டருமாக எடை மெஷினைத் தூக்கி அறையின் நடுவில் வைத்தோம். ரமேஷும் வெளியே வந்து நின்றான். மேசை அங்கேயே இருந்தது. சவரிநாதன் அண்ணன் உள்ளே வந்தார். மெஷின் நடு அறையில் இருப்பதைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார். தெருவில் எத்தனையோ பேர் அவர் தராசைச் சந்தேகப்பட்டு உற்றுப் பார்த்தபோது அவர் முகம் மாறி நான் பார்த்ததில்லை. அன்று மாறியது.

“ஏறுங்கண்ணே.”

“அந்த மேசை…”

“நான் புடிச்சிக்கிறேன், ஏறுங்க.”

ஏறினார். நான் கையை எடுத்தேன். எண் ஆடியது, ஆடியது, நின்றது. ஐம்பத்தொன்று முன்னூறு.

வழக்கமாகச் சொல்வது போல நான் சத்தமாகச் சொல்லவில்லை. நாலரை கிலோ. மூன்று வாரத்தில்.

பிலோமினா அக்காதான் முதலில் பேசினார். “இன்னா பண்ணீங்க?”

அவர் தலையைக் குனிந்துகொண்டு, வலிக்கிற தொண்டையால் மெதுவாகச் சொன்னார். “நம்ம தொழில்ல கட்டுக்கு அடியில முழங்காலைக் குடுத்து லேசா தாங்கினா எடை குறையும். இங்க எனக்குக் கூடணும். மேசைக்கு அடியில நாலு விரலைக் குடுத்து மேல இழுத்தேன். துண்டு மறைச்சிக்கும்.”

“அதே எண்ணுல எப்படி நிறுத்தினீங்க?” சிஸ்டரால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“நாப்பது வருஷ சர்வீஸ் சிஸ்டர்” என்றார். அந்த நிலைமையிலும் அதில் கொஞ்சம் பெருமை இருந்தது.

டாக்டர் அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரில் உட்கார்ந்தார். “எதுக்குங்க இப்படிப் பண்ணீங்க? நாங்க உங்களுக்கு எதிரியா?”

அவர் டாக்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

“எடை குறைஞ்சா ஊசியை நிறுத்திடுவாங்கன்னு மொத நாளே இந்தம்மா சொல்லிச்சே. நிறுத்திட்டா அப்புறம் எனக்கு இன்னா இருக்கு?”

நான் முதலில் சொன்னேனே, பெரிய தப்பு என்னுடையது என்று. அது இதுதான். அவர் சாப்பிட வேண்டும் என்று பயமுறுத்தினேன். பயந்தவருக்குப் பசி வரவில்லை, தந்திரம்தான் வந்தது. என் பயத்தை நல்ல எண்ணம் என்று நினைத்து இருபது வருஷமாக எல்லார் கையிலும் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். அதில் எத்தனை பேர் இவரைப் போல மறைத்தார்களோ தெரியாது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தூக்கம் வராது.

அங்கேயே எல்லார் முன்னாலும் சொன்னேன். “நான் அப்படிச் சொன்னது தப்புண்ணே. மன்னிச்சிடுங்க.”

டாக்டர் அம்மா என்னைத் திட்டவில்லை. அண்ணனிடம்தான் பேசினார். “எடை குறைஞ்சா துரத்திவிட மாட்டோம். ஏன் குறையுதுன்னு பாப்போம். சொல்லுங்க, ஏன் சாப்பிட முடியல?”

அப்புறம்தான் எல்லாம் வெளியே வந்தது. கரண்ட் வைக்க ஆரம்பித்த மூன்றாவது வாரத்திலிருந்து விழுங்கினால் நெஞ்சுக்குள் நெருப்பு. வீட்டில் சொன்னால் அழுவாள் என்று, வெளியில் டிபன் சாப்பிட்டுவிட்டேன் என்று பொய். அக்கா பக்கம் இன்னொரு கதை. கரண்ட் வைக்கிற உடம்பு சூடு, மீன் ஆகாது, முட்டை ஆகாது, தயிர் சளி என்று சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று சொல்லி, அவர் பத்தியம் வைத்திருந்தார். தெளிந்த கஞ்சியும் ரசமும். அந்த ரசத்தின் மிளகு அவர் நெஞ்சில் இறங்கும்போது எப்படி இருந்திருக்கும்!

“மீன் குடுக்கலாமா டாக்டர்?” என்று அக்கா கேட்டார்.

“தாராளமா. முள்ளெடுத்து, காரம் இல்லாம, ஆற வெச்சு.”

அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. “போன ஞாயித்துக்கிழமை வாயைத் திறந்து வஞ்சிரம் கேட்டாரு டாக்டர். பாவி நான் குடுக்கல. எதிர் வீட்ல வறுத்தாங்க, ஜன்னலைச் சாத்தினேன்.”

“ஜன்னலைச் சாத்தினா வாசனை வராதா?” என்றார் அண்ணன். “நான் மோந்துகிட்டேதான் கஞ்சி குடிச்சேன்.”

அன்று அவருக்கு ஊசி போடவில்லை. அவர் பயந்தபடியே தள்ளித்தான் போனது, ஆனால் ஒரு வாரம் மட்டும். குளுக்கோஸ் ஏற்றினார்கள். சாப்பாட்டுக்குக் கால் மணி நேரம் முன்பு குடித்தால் வலியை மரத்துப்போகச் செய்யும் மருந்து ஒன்று எழுதிக் கொடுத்தார்கள். மூன்று வேளையை ஆறு வேளையாகப் பிரிக்கச் சொன்னார்கள். கஞ்சியில் பால், முட்டையை மசித்து, வாழைப்பழம், தயிர், எதுவும் சூடாக இல்லாமல். ஒரு வாரத்தில் இன்னும் இறங்கினால் மூக்கு வழியாகக் குழாய் போட்டு உணவு கொடுக்க வேண்டியிருக்கும், அதுவும் வைத்தியம்தான், தண்டனை இல்லை என்று டாக்டர் அம்மா பொறுமையாகச் சொன்னார். அந்த வார்த்தையை நான் மனப்பாடம் பண்ணிக்கொண்டேன்.

அடுத்த திங்கட்கிழமை விடிந்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கேஸைப் பார்க்க மூன்று முறை திரும்பிப் போனேன். மெஷின் அறையின் நடுவில் இருந்தது. விழாமல் பிடித்துக்கொள்ள இனி மேசை வேண்டாம், என் கை போதும் என்று முடிவு செய்திருந்தேன். இன்றைக்கும் அது நடுவில்தான் இருக்கிறது, யாரும் ஓரமாகத் தள்ளாதீர்கள்.

அவர் வந்தார். மெஷினில் ஏறினார். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினார், போலீஸ் துப்பாக்கியைக் காட்டின மாதிரி.

“பாத்துக்கோ செல்வி. கை மேல. துண்டு அவ கிட்ட. வேணும்னா சட்டையும் கழட்டறேன்.”

“கையை இறக்குங்கண்ணே, ஆடுது.”

“ஆடட்டும். ஆடினாத்தான் நீ நம்புவ.”

ஆடி நின்றது. ஐம்பத்தொன்று ஐந்நூறு.

இருநூறு கிராம். ஒரு டம்ளர் தண்ணீர். என் அனுபவத்தில் யாருக்கும் அதைப் பெரிதாகச் சொல்லியிருக்க மாட்டேன். அன்று நான் அவர் காதருகில் போய், அவருக்கும் அக்காவுக்கும் மட்டும் கேட்கிற மாதிரி சொன்னேன். அக்கா மெஷினை எட்டிப் பார்த்து, எண் தெரியாதவர் போல ஒவ்வொரு இலக்கமாகப் படித்தார். பிறகு, “வஞ்சிரம்” என்றார்.

அதற்கடுத்த வாரம் ஐம்பத்தொன்று நூறு. இறங்கியிருந்தது. கைகளைத் தூக்கியபடியே அவர் கேட்டார், “குறைஞ்சிருக்கு இல்ல? போடு, உள்ளதைப் போடு.” உள்ளதைப் போட்டேன். டாக்டர் அம்மா பார்த்து, கஞ்சியில் இன்னொரு முட்டை சேர்த்தார். ஊசி ஆறும் முடிந்தன. கரண்டும் முடிந்தது. குழாய் தேவைப்படவில்லை. தொண்டை ஆறியபின், மூன்று மாதம் கழித்து முதல் செக்கப்புக்கு வந்தபோது ஐம்பத்து மூன்று. போன முறை ஐம்பத்தேழு. அரைஞாண் கயிறு புதிதாக வாங்கியாகிவிட்டது என்று அக்கா சொன்னார்.

எல்லாருக்கும் இப்படி முடிவதில்லை. அதையும் நீங்கள் பார்ப்பீர்கள். எடை ஏறியும் போனவர்கள் உண்டு, இறங்கியும் இருப்பவர்கள் உண்டு. நம் கையில் இருப்பது ஒன்றுதான். மெஷினில் ஏறுகிறவர் நமக்குப் பயப்படாமல் ஏற வேண்டும். நான் அந்தப் பழைய வாக்கியத்தை விட்டுவிட்டேன். இப்போது சொல்வது இது: “குறைஞ்சிருந்தா சொல்லுங்க, அதுக்கும் வைத்தியம் இருக்கு.” நீங்கள் வேறு மாதிரி சொல்லிக்கொள்ளுங்கள், பயமுறுத்தாமல் சொல்லுங்கள். எண்ணை மெதுவாகச் சொல்லுங்கள். எழுதுவதற்கு முன் ஒருமுறை முகத்தைப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் வாயைத் திறந்து கேளுங்கள். அது இட்லிப் பானையாக இருந்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். ரமேஷிடம் கேட்டுப் பாருங்கள், கையுறையைக் கழற்றிய கதையை இப்போது அவன்தான் எல்லாரிடமும் சொல்கிறான்.

இன்னொரு விஷயம் இருக்கிறது. நான் ஓய்வு பெறுவதால் இதை உங்களிடம் ஒப்படைக்க வேண்டும்.

அந்த முதல் செக்கப் அன்று சவரிநாதன் அண்ணன் சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுத் தாளை எடுத்தார்.

“கணக்குப் போட்டேன் செல்வி. உன் வீட்ல ரெண்டு வருஷம் எடுத்தேன். மாசம் அரை கிலோ முழங்கால்ல போச்சு. பன்னெண்டு கிலோ. கிலோ பத்து ரூபா. நூத்தி இருபது.”

“வேண்டாம்ணே, விடுங்க.”

“விட மாட்டேன். ஆனா மொத்தமா குடுக்கவும் மாட்டேன். ஒவ்வொரு செக்கப்புக்கும் பத்து ரூபா. கடன் இருந்தாத்தான் மனுஷன் வந்து நிப்பான்.”

“தீந்துட்டா?”

“சொல்தா வீட்டுக் கணக்கு தனியா இருக்குதும்மா. அது பெருசு.”

மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறார். இதுவரை எட்டு முறை. எட்டு பத்து ரூபாய்த் தாளும் பீரோவில் மணல் பைக்கு அடியில் ஒரு கவரில் இருக்கின்றன. நான் செலவு செய்யவில்லை. அடுத்த முறை அவர் வரும்போது நான் இருக்க மாட்டேன். நீங்கள் யாராவது கையை நீட்டி வாங்கி, கவரில் போட்டு, தேதி எழுதி வையுங்கள். அவர் மொத்தமாகக் கொடுக்க வந்தால் வாங்காதீர்கள்.

பாக்கி நாற்பது ரூபாய்.